சதுரங்கமும் கடிகாரமும்

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நாம் மாலை வேளையில் அல்சூரிலோ சிவாஜி நகரிலோ சதுரங்கப் பலகையை விரித்தால், காய்களையே கண்ணுற்று அருகிலுள்ள கடிகாரத்தை மறந்துவிடுகிறோம். ஐந்து நிமிட ஆட்டம் நாற்பது நகர்த்தல் வரை நீளுமாயின், ஒன்றுக்கு ஏழரை விநாடியே கிட்டும். காயில் வென்று கடிகாரத்தில் தோற்ற கசப்பு நம்மில் பலருக்கும் உண்டு.

2012ஆம் ஆண்டு மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்காக நம் விசுவநாதன் ஆனந்தும் போரிஸ் கெல்ஃபாண்டும் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடிச் சமமாக நின்றனர். பின்னர் விரைவாட்டங்கள் நான்கு. ஆளுக்கு 25 நிமிடம், நகர்த்தல்தோறும் பத்து விநாடி கூடுதல். இரண்டாம் ஆட்டத்தில் கெல்ஃபாண்டு நெடிது சிந்தித்து நேரத்தை இழந்தார். சமன் செய்திருக்கக்கூடிய இறுதிக்கட்டத்தில், சில விநாடிகளே எஞ்சியிருக்கப் பிழை செய்தார். மற்ற மூன்றும் சமனாகவே, பட்டம் ஆனந்திடமே நின்றது. சிறுவயதில் சென்னை தால் சதுரங்கக் கழகத்தில், வென்றவர் இருக்க தோற்றவர் எழும் மின்னலாட்டங்களில் பழகியவரல்லவா அவர்!

ஆகவே, பழகிய தொடக்கத்தையே ஆடுவோம். எதிரியின் கடிகாரம் ஓடும்போது நாமும் சிந்திப்போம். இரு நல்ல நகர்த்தல்களுக்கிடையே தயங்காமல், அரசனுக்குக் காவலானதைத் தேர்வோம். இறுதிக்கட்டத்துக்கென ஒரு நிமிடமேனும் சேமித்து வைப்போம்.