குளம்புக்கு ஓய்வு

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் நடை. ஒரு கூர்ங்கல்லை அழுத்தி மிதித்தால் போதும், குதிரை நொண்டத் தொடங்கிவிடும். வெளியே காயமே தெரியாது. நம் கட்டைவிரலில் சுத்தியல் பட்டால் நகத்துக்கடியில் ரத்தம் கட்டுமே, அதேதான் குளம்புக்குள்ளும்.

உங்கள் குதிரை நொண்டினால், அந்தக் காலைத் தூக்கிப் பாருங்கள். கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். குளம்பைத் தொட்டால் மற்றதைவிடச் சூடாக இருக்கும். குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கமாக விரல் வைத்தால் நாடி பலமாக அடிக்கும்.

இதற்கு முதல் வைத்தியம் ஓய்வு. வாளியில் குளிர்ந்த நீர் ஊற்றி, அந்தக் காலைக் கொஞ்ச நேரம் அதில் நிற்க வையுங்கள். வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி அதன்மேல் குதிரையைக் கட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஓய்வு. வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுச் சவாரிக்கு ஓட்டுவது பாவம். வலி தெரியாத குதிரை அதே காலை அழுத்தி ஊன்றும், உள்காயம் பெரிதாகும்.

லேசான அடி சில நாளில் ஆறிவிடும். நொண்டல் கூடினாலோ, காலை ஊன்றவே மறுத்தாலோ, உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். குளம்பை நீங்களே செதுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.