ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைகள்

பாரிஸ் லாச்சப்பலில் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு ஒபர்வில்லியே வரை வந்திருக்கும் உறவுகளே!

யூலை என்றால் நமக்கு 1983இன் கறுப்பு யூலை. அதற்கு 177 ஆண்டுகள் முந்திய ஒரு யூலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த யூலையில் வேலூருக்கு வந்த றொபேர்ட் ரோலோ கில்லெஸ்பி 1766இல் அயர்லாந்தின் கோம்பர் ஊரில் பிறந்தவர். வசதியான குடும்பத்துக்கு ஒரே பிள்ளை. பதினேழு வயதில் குதிரைப்படை அதிகாரி. மானப்பிரச்சினை என்று ஒருவரோடு துப்பாக்கிச் சமர் செய்து அவரைக் கொன்றார். நீதிமன்றம் விடுதலை செய்தது. ஏழை வீட்டுப் பிள்ளையென்றால் விட்டிருக்குமா? பிறகு கரிபியன் தீவில் பிரெஞ்சுக்காரரோடு போர். கடைசியில் ஆற்காடு.

1806 யூலை 10. வேலூர்க் கோட்டையில் விடியுமுன்னே ஆங்கிலேயரின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். திருநீறும் நாமமும் பூசக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தொப்பியைப் போடு என்று மேலிடம் இட்ட கட்டளை அவர்களைக் கொதிக்க வைத்திருந்தது. 69ஆம் படையணியில் 115 வெள்ளைச் சிப்பாய்கள் செத்தார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது.

கோட்டைக்கு வெளியே இருந்த அதிகாரி ஒருவர் ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டுபோனார். ஏறக்குறைய 25 கிலோமீற்றர். இங்கிருந்து ருவாசி விமான நிலையத்தையும் தாண்டுகிற தூரம். கில்லெஸ்பி காத்திருக்கவில்லை. கையில் கிடைத்தவர்களோடு முன்னே பறந்தார். கதவு திறக்கவில்லை. மதிலின் மேல் ரவை தீர்ந்து நின்ற வெள்ளையர்கள் ஒரு கயிற்றையும் சார்ஜண்ட் ஒருவரின் இடுப்புக் கச்சையையும் கீழே விட்டார்கள். பின்னால் வருகிற படைக்குக் காத்திராமல், கில்லெஸ்பி அதைப் பிடித்துத் தனியாக மேலே ஏறினார். வீரமா? சந்தேகமே வேண்டாம், வீரம்தான்.

பீரங்கியால் கதவு உடைந்தது. குதிரைகள் நுழைந்தன. கோட்டை அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த நூறு சிப்பாய்கள் அளவில் வெளியே இழுத்து வரப்பட்டார்கள். சுவரோரம் நிறுத்தினார்கள். கில்லெஸ்பியின் கட்டளைப்படி சுட்டார்கள். விசாரணை இல்லை. மதிலேறிய அதே மனிதர், அதே காலைப்பொழுது. அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கயிற்றைப் பல பக்கம் எழுதுகிறார்கள்; சுவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கோடுதான் வழக்கு. வெள்ளையர் 115 என்று ஆள் பார்த்து எண்ணினார்கள். செத்த சிப்பாய்கள் எத்தனை? ஒருவர் 350 என்கிறார், இன்னொருவர் 800 என்கிறார். எண்ணுவதற்கு யாருக்கு அக்கறை இருந்தது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கில்லெஸ்பியோடு வந்து வெட்டியவர்களில் மதராஸ் குதிரைப்படையினரும் இருந்தார்கள். சம்பளம் கொடுத்தவன் ஒருவன்தான். சுவரின் இரு பக்கமும் நின்றது நம் மண்ணின் பிள்ளைகள்.

கில்லெஸ்பி பிறகு ஜாவாவை வென்று, 1814இல் டேராடூனுக்கு அருகே நாலாபானியில் கூர்க்காக்களின் கோட்டையை முட்டி, குண்டடிபட்டு இறந்தார். ஆங்கிலேயர் அங்கே இரண்டு தூண் வைத்தார்கள்: ஒன்று அவருக்கு, மற்றது எதிர்த்து நின்ற கூர்க்காத் தளபதி பலபத்திரருக்கு. வேலூர்ச் சிப்பாய்க்கு அந்த மரியாதையை அவர்கள் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டு அரசுதான் பின்னாளில் மக்கான் சந்தியில் நினைவுத்தூண் எழுப்பியது.

வைத்தியத்துக்கு வேலூர் போய்வருகிறவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். அடுத்தமுறை ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் அந்தத் தூணடிக்கு ஒருதரம் போய் வாருங்கள். நேரமிருந்தால் பாலாற்றங்கரை முத்துமண்டபத்தையும் பாருங்கள்: கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கன், அதே கோட்டையில் 1832வரை கைதியாக இருந்து செத்தவன், அங்கேதான் கிடக்கிறான்.