பூச்சாண்டி வேண்டாம், புயல் கூண்டு ஏற்றுவோம்!

(கடலோர மாவட்ட இளைஞர் அணிப் பயிற்சிக் கூட்டத்தில் நமது கட்சியின் சுற்றுச்சூழல் அணி மாநிலப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உறவுகள் முழுமையாகப் படித்துப் பகிரவும்.)



மேடையில் இருக்கிற மாவட்டப் பொறுப்பாளர்களே, கடலோரக் கிராமங்களிலிருந்து வந்திருக்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, வேலையை விட்டுட்டு வந்திருக்கிற என் தம்பி தங்கைகளே!

நேரா விசயத்துக்கு வந்துடறேன். போன மாசம் நம்ம இணைய அணித் தம்பிங்க ஒரு படம் போட்டாங்க. பார்த்திருப்பீங்க. மெரினா கலங்கரை விளக்கம் பாதி தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு. மேலே சிவப்பு எழுத்துல "2030ல் சென்னை இருக்காது!" அப்படின்னு போட்டிருந்தது. நல்லா ஓடுச்சு. எங்க பார்த்தாலும் அந்தப் படம்தான். மறைக்க விரும்பலை, நானும்தான் பகிர்ந்தேன்.

அதுக்குக் கீழே ஒரு பொண்ணு, பதினொன்னாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, ஒரே வரி எழுதியிருந்தா. "அப்போ நான் எதுக்குப் படிக்கணும்?"

நம்ம ஆளுங்க யாரும் பதில் சொல்லலை. சில பேர் சிரிப்புக் குறி போட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்கு இந்த மேடைக்கு வந்திருக்கேன்.

முதல்ல ஒன்னை ஒத்துக்குவோம். அந்தப் பதிவு தப்பு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு, ஐபிசிசி, 2021ல் கொடுத்த அறிக்கை என்ன சொல்லுது? 1901ல் இருந்து 2018 வரைக்கும் உலகக் கடல் மட்டம் சராசரியா 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கு. இப்படியே கரியைக் கக்கிக்கிட்டே போனா, 2100ஆம் ஆண்டுவாக்குல, இந்த நூற்றாண்டு தொடங்கின காலத்தோட ஒப்பிட்டா ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை உயரலாம். கட்டுப்படுத்தினா அதுல பாதிக்கும் கீழே நிறுத்தலாம். இதுதான் கணக்கு. ஒரு மீட்டர் சின்ன விசயம் இல்லை. புயல் அலை அந்த உயரத்துக்கு மேல ஏறி வரும், உப்புத்தண்ணி வயலுக்குள்ள வரும். ஆனா 2030ல் சென்னை காணாமப் போகாது. உண்மையே போதுமான அளவுக்குக் கனமா இருக்கு. அதுமேல நாம எதுக்குப் பொய்யை ஏத்தி வைக்கணும்?

இப்ப நான் இப்படிப் பேசினதும் இன்னொரு கூட்டம் கிளம்பும். "பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம், காலநிலைன்னு சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துறாங்க"ன்னு. அவங்களுக்கும் பதில் இருக்கு.

2018 ஆகஸ்ட் 20. ஸ்வீடன் நாட்டு நாடாளுமன்றத்துக்கு வெளியே 15 வயசுப் பிள்ளை ஒன்னு, பள்ளிக்கூடம் போகாம, கையில ஒரு பலகையோட தனியா உட்கார்ந்துச்சு. கிரேட்டா துன்பெர்க். அந்தக் கோடையில ஸ்வீடன்ல கடும் வெயில், காடெல்லாம் தீ. அடுத்த மாசம் தேர்தல். அதுவரைக்கும் பள்ளி நாள்ல எல்லாம் உட்கார்ந்தா. அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் உட்கார்ந்தா. ஒரே வருசத்துல உலகம் முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைங்க தெருவுக்கு வந்தாங்க.

2019 ஜனவரியில் டாவோஸ் போனா. உலகப் பணக்காரங்களும் அதிபர்களும் கூடுற இடம். அங்க போய், உங்க நம்பிக்கை வார்த்தை எனக்கு வேண்டாம், நான் தினமும் படுற பயத்தை நீங்களும் படணும், வீடு பத்திக்கிட்டு எரிஞ்சா எப்படி நடந்துக்குவீங்களோ அப்படி நடந்துக்குங்க என்கிற பொருள்பட பேசினா. உடனே உலகம் ரெண்டாச்சு. "சரியாத்தான் சொல்லுது பிள்ளை"ன்னு ஒரு பக்கம். "பீதியைக் கிளப்புது, பின்னாடி யாரோ இருக்காங்க"ன்னு இன்னொரு பக்கம்.

உறவுகளே, ஒன்னைக் கவனிங்க. அந்தப் பிள்ளை பயப்படுங்கன்னு யார்கிட்ட சொல்லுச்சு? தன் வகுப்புத் தோழிகிட்டயா? நாலாம் வகுப்புப் பிள்ளைகிட்டயா? இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கையெழுத்துப் போடுற கைகள்கிட்ட சொல்லுச்சு. நாம என்ன செஞ்சோம்? கையெழுத்துப் போட முடியாத, ஓட்டுக்கூட இல்லாத பதினொன்னாம் வகுப்புப் பிள்ளைகிட்ட சொன்னோம். ரெண்டும் ஒன்னு இல்லை.

சரி, "பயமுறுத்தாதீங்க"ன்னு சொன்னவங்க கதையைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவோட பிரதமரா இருந்தவர் ஸ்காட் மாரிசன். 2018 நவம்பர்ல மாணவர்கள் போராடக் கிளம்பினப்போ, பள்ளியில படிப்பு கூடணும், போராட்டம் குறையணும்னார். 2019 செப்டம்பர்ல, பிள்ளைகளுக்குத் தேவையில்லாத பதற்றத்தை உண்டாக்குறாங்கன்னு வருத்தப்பட்டார்.

அதே வருசக் கடைசியில என்ன நடந்துச்சு? காட்டுத்தீ. அவங்களே அதுக்குக் 'கருப்புக் கோடை'ன்னு பேர் வச்சிருக்காங்க. 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிஞ்சுபோச்சு. தீயில் மட்டும் 33 பேர் செத்தாங்க. டிசம்பர் 31, மல்லக்கூட்டான்னு ஒரு கடலோர ஊர். சுத்தி நெருப்பு. ஏறக்குறைய 4,000 பேர் கடற்கரையில ஒதுங்கி நின்னாங்க. பகல்லயே வானம் ரத்தச் சிவப்பு. கடைசியில கடற்படைக் கப்பல் வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. அந்தக் கரையில பிள்ளைகளும் நின்னாங்க. பதற்றம் வேண்டாம்னு சொன்ன பிரதமர், நாடு எரியத் தொடங்கின நேரத்துல ஹவாய் தீவுக்குக் குடும்பத்தோட சுற்றுலா போயிருந்தார். மக்கள் கொதிச்ச பிறகு திரும்பி வந்து வருத்தம் தெரிவிச்சார்.

பிள்ளைகளோட பயம் தேவையில்லாததுன்னு சொன்னவருக்கு அந்த நெருப்பே பதில் சொல்லிடுச்சு.

நம்ம நாட்டுலயும் பார்த்தோம். 2021 பிப்ரவரியில், பெங்களூர்ல காலநிலைக்காக வேலை செஞ்ச ஒரு இளம்பெண்ணை டில்லிக் காவல்துறை வீட்டுக்கே வந்து பிடிச்சுக்கிட்டுப் போச்சு. விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவான ஒரு இணைய ஆவணத்தில் கைவச்சாங்கன்னு தேசத்துரோக வழக்கு. பத்து நாள்ல நீதிமன்றம் பிணை கொடுத்துச்சு. இதுல யாரு யாரைப் பார்த்துப் பயந்தாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப ஒரு ஆய்வு பற்றிச் சொல்றேன். 2021ல் லான்செட் குழுமத்தோட இதழ்ல வந்தது. 10 நாடுகள், 16 முதல் 25 வயசு வரை, 10,000 இளைஞர்கள்கிட்ட கேட்டாங்க. இந்தியாவும் அதுல உண்டு. 100க்கு 59 பேர் காலநிலையை நினைச்சு ரொம்ப அல்லது மிக ரொம்பக் கவலைப்படுறோம்னாங்க. 75 பேர் எதிர்காலம் பயமா இருக்குன்னாங்க. 45 பேருக்கு மேல, இந்தக் கவலை எங்க அன்றாட வாழ்க்கையையே பாதிக்குதுன்னாங்க. இதோட இன்னொன்னும் சொன்னாங்க. 100க்கு 65 பேர், அரசுகள் எங்களைக் கைவிடுதுன்னாங்க. அரசு சரியா செயல்படலைங்கிற எண்ணம் எங்க அதிகமோ அங்க வேதனையும் அதிகமா இருந்துச்சுன்னு அந்த ஆய்வு சொல்லுது.

புரியுதா தம்பி? பிள்ளைகளை வாட்டுறது வெயில் கணக்கு மட்டும் இல்லை. வீட்டுல பெரியவங்க இருந்தும் யாரும் எழுந்திருக்கலையேங்கிற ஏக்கம்.

நம்ம கடற்கரையில ஒரு பழக்கம் உண்டு. துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துவாங்க. ஒன்னாம் எண்ணுன்னா தூரத்துல ஏதோ உருவாகுது. பத்தாம் எண்ணுன்னா பெரும் அபாயம். கூண்டைப் பார்த்து நம்ம மீனவ அண்ணன்மார் யாராச்சும் உட்கார்ந்து அழுதிருக்காங்களா? படகை மேடேத்திக் கட்டுவாங்க. வலையைச் சுருட்டுவாங்க. கிழவனையும் கிழவியையும் பிள்ளைகளையும் முகாமுக்கு அனுப்புவாங்க. ஏன்னா கூண்டு எண்ணைச் சொல்லுது, எண்ணோட சேர்த்து வேலையையும் சொல்லுது.

பூச்சாண்டி அப்படி இல்லை. சோறு தின்னலைன்னா பூச்சாண்டி வருவான்னு சொன்னா, பிள்ளை போர்வைக்குள்ள போயிடும். அதால வேற ஒன்னும் செய்ய முடியாது. வளர்ந்த பிறகு அது பொய்னு தெரிஞ்சா, நாம சொன்ன எதையும் நம்பாது.

கூண்டு இல்லாமலே போனா என்ன ஆகும்னு 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் காட்டுச்சு. ஆழ்கடல்ல இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரலை. எத்தனை வீட்டுல ஆம்பளை திரும்பி வரலை! பயப்பட வேண்டிய நேரத்துல பயப்படச் சொல்லாததும் கொலைதான்.

எச்சரிக்கையும் வேலையும் சேர்ந்தா என்ன ஆகும்? ஒடிசாவைப் பாருங்க. 1999 பெரும்புயல்ல ஏறக்குறைய 10,000 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் புயல் முகாம் கட்டினாங்க, ஊருக்கு ஊர் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. 2013ல் பைலின் புயல் வந்தப்போ சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேத்தினாங்க. உயிரிழப்பு 50ஐத் தாண்டலை. பயம் அங்கயும் இருந்துச்சு. அந்தப் பயத்துக்கு ஒரு படிக்கட்டு கட்டி வச்சிருந்தாங்க.

பயப்பட வேண்டியதுக்குப் பயப்படாம இருக்கிறது அறிவீனம்னு நம்ம வள்ளுவப் பெருந்தகை எப்பவோ சொல்லிட்டார். அவர் நடுங்கிக்கிட்டு உட்காரச் சொல்லலை.

வெறும் பீதியில முடிவெடுத்தா என்ன ஆகும்னு நம்ம கரையே சாட்சி. சென்னைத் துறைமுகம் கட்டின பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்னுச்சு. மெரினா முங்குற மாதிரி படம் போட்டோமே, உண்மையில வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவன் வடசென்னைக்காரன்! அவன் படத்தை நாம போடலை. அப்புறம் ஒவ்வொரு ஊரும் பயத்துல "எங்களுக்குத் தூண்டில் வளைவு போடு, கல்லைக் கொட்டு"ன்னு கேட்டுச்சு. ஒரு ஊருக்குக் கல் கொட்டினா வடக்க இருக்கிற அடுத்த ஊர் அரிக்குது. முழுக் கரையையும் ஒரே கணக்கா பார்க்காத பயம், பக்கத்து ஊர்க்காரன் வீட்டைத்தான் இடிக்கும்.

வேற ஒரு நியாயமான கேள்வியும் இருக்கு. பீதியில எடுக்கிற முடிவோட செலவு ஏழை தலையில விழாதான்னு கேட்கிறாங்க. விழும், நாம கவனமா இல்லைன்னா. ஒரு அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியா 14 டன் கரியமில வாயு வெளியேத்துறார். ஒரு இந்தியர் சுமார் 2 டன். நம்ம மீனவப் பெண்ணைப் பார்த்து நீ குறைச்சுக்கன்னு சொல்ல எவனுக்கும் தகுதி இல்லை. அதனாலதான் பயத்தைச் சரியான முகவரிக்கு அனுப்பணும்னு சொல்றேன்.

சரியான முகவரிக்குப் போனா என்ன நடக்கும்? ஜெர்மனியில இளைஞர்கள் வழக்குப் போட்டாங்க. 2021ல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், காலநிலைச் சட்டத்துல ஒரு பகுதி செல்லாது, சுமையெல்லாம் அடுத்த தலைமுறை மேல தள்ளிவிடக் கூடாதுன்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அரசு சட்டத்தை மாத்துச்சு. 2050ன்னு இருந்த இலக்கை 2045க்கு முன்னுக்குக் கொண்டுவந்துச்சு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துல 16 இளையவர்கள் வழக்குப் போட்டு 2023ல் ஜெயிச்சாங்க. எல்லா இடத்துலயும் ஜெயிக்கலை. ஆஸ்திரேலியப் பிள்ளைகள் 2021ல் ஜெயிச்ச வழக்கு 2022ல் மேல்முறையீட்டுல போயிடுச்சு. ஆனா பயத்தை மனுவா எழுதின பிள்ளை, அதுக்கு முன்னாடி இருந்த பிள்ளை இல்லை.

அதனால உறவுகளே, மூணு வேலை.

ஒன்னு. அந்தப் படத்தை இன்னைக்கே எடுத்துடணும். சத்தமில்லாம இல்லை, "தவறாகப் பதிவிட்டோம்"னு எழுதிட்டு எடுக்கணும். இனிமே நாம போடுற எண்ணுக்கு ஆதாரம் இருக்கணும்.

ரெண்டு. ஒவ்வொரு எச்சரிக்கைப் பதிவுக்கும் கீழே ஒரு வேலை இருக்கணும். எந்த அதிகாரிக்கு மனு, எந்த ஏரிக்குப் போகணும், எந்த நாள் கிராமசபை. வேலை சொல்ல முடியலைன்னா அந்தப் பதிவைப் போடாதீங்க.

மூணு. நம்ம 14 கடலோர மாவட்டங்கள்லயும் கிளை வாரியா ஒரு கணக்கெடுப்பு. புயல் முகாம் எங்க இருக்கு, சாவி யார்கிட்ட, கழிப்பறை இருக்கா, தண்ணி வருதா, தனியா இருக்கிற முதியவங்க யாரு? இதை எழுதி மாவட்ட ஆட்சியர்கிட்ட கொடுக்கணும். பதில் வரலைன்னா அதுக்கப்புறம் போராட்டம்.

விருப்பக் குறி குறையும். தெரியும். பயத்துல ஓடி வர்ற கூட்டம் பயம் தெளிஞ்சா ஓடிப் போயிடும். வேலைக்கு வர்ற பத்துப் பேர் நிப்பான்.

கடைசியா அந்தத் தங்கச்சிக்கு.

எதுக்குப் படிக்கணும்னு கேட்டியேம்மா. 2030லயும் சென்னை இருக்கும். நீ வேலைக்குப் போற வயசுல அந்த ஊருக்குக் கடலைப் படிச்ச பொறியாளர் வேணும், வெள்ளத்தைக் கணக்குப் போடத் தெரிஞ்ச ஆள் வேணும், முகாம்ல மருந்து கொடுக்கச் செவிலியர் வேணும், கோர்ட்டுல எழுந்து நிக்க வக்கீல் வேணும். அதுக்குப் படி. அதுவரைக்கும் பயப்பட வேண்டியது எங்க வேலை. உன் தலையில அதை இறக்கி வச்சதுக்கு, இந்தக் கட்சியின் சார்பா உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.



#காலநிலை #இளைஞர்அணி #புயல்கூண்டு