மனமில்லாமையைச் சொல்லும் ஒரு சொல்

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவன், மேற்படிப்புக்காகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கவேண்டிய நாள் நெருங்க நெருங்க, சாமை விளையும் கொல்லையையும் பெற்றோரையும் விட்டுப் பிரிய மனமில்லாமல் தவிக்கிறான். ஆயினும் அவன் போகத்தான் போகிறான். இந்த மனோநிலையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நம் பிள்ளைகளிற் பலர் ‘ஐ வில் நாட் கோ’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிடிவாதமான மறுப்பே அன்றி, பிரிவின் வேதனையாகாது. அவ்வேதனைக்கு உரிய பெயரடை ‘லோத்’ என்பது. ‘ஐ ஆம் லோத் டு லீவ் தி ஹில்ஸ்’ என்றால் வேதனையும் தெரியும், போவதற்கு இடமும் இருக்கும்.

இதன் பின்னே ‘டு’ என்பதும் ஒரு வினைச்சொல்லும் வருவதே வழக்கு. ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வைத்து, தயங்கும் மாணவன் என்ற பொருளில் ‘ரிலக்டன்ட் ஸ்டூடன்ட்’ எனலாம். ‘லோத்’ என்பதை அவ்வாறு வைப்பதில்லை.

பழைய ஆங்கிலத்தில் வெறுக்கத்தக்கது, பகையானது என்று கடுமையாகப் பொருள்பட்ட இச்சொல், நூற்றாண்டுகளின் போக்கில் மனமின்மை என்ற அளவுக்குத் தணிந்துவிட்டது. பழைய வெறுப்பைத் தாங்கி நிற்பது, கடைசியில் ‘ஈ’ என்ற எழுத்தைக் கூடுதலாகப் பெற்று, அருவருத்து வெறுத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லே. உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு: வினைச்சொல்லின் இறுதி ஒலி, நாம் ‘அது’ என்னும்போது தகரம் ஒலிப்பதை ஒட்டியது; பெயரடையின் இறுதியிலோ, நாவின் நுனி பற்களைத் தொட, மூச்சு மட்டுமே வெளிவரும்.

இச்சொல்லை எங்கே பிரயோகிக்கலாகாது என்பதையும் சொல்லவேண்டும். அம்மாணவன் பிறந்த கல்வராயன் மலையையே உதாரணமாகக் கொள்வோம். அது ஜாகீர்தார்கள் ஆண்ட மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்து, 1976-இல்தான் அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. அதிகாரத்தைத் துறக்க மனமில்லாத ஆட்சியாளன் எவனையும் ‘லோத்’ என்று வருணிக்கலாம். ஆனால் அந்த ஜாகீர் காலத்தில் கூலியின்றிக் கட்டாயமாக உழைக்க நேர்ந்த மலையாளிப் பழங்குடி மக்களை, உழைக்க ‘லோத்’ ஆக இருந்தார்கள் என்று எழுதுவது பெரும் அநீதி என்பதே என் அபிப்பிராயம். அவர்கள் அனுபவித்தது மனத்தயக்கம் அன்று, நிர்ப்பந்தம். அதற்கு ‘ஃபோர்ஸ்டு’ என்ற சொல்லே தகும்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள், தாம் மனமின்றிச் செய்த காரியம் ஒன்றை நினைத்து, இப்பெயரடையை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி, அதை உரக்கப் படித்துப் பழகும்படி வேண்டிக்கொள்கிறேன்.