பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் நமது கடமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு துண்டுக் காகிதம். எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கவும், அடையாள அட்டை எடுக்கவும், கடவுச்சீட்டுக்கு மனுச் செய்யவும் முதலிற் கேட்கப்படுவது அதுதான். இல்லாதபோதுதான் அதன் அருமை தெரியும்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலையில், நமது கொஸ்லந்தவுக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களும் உடைமைகளும் போயின. தகரப் பெட்டிகளில் பத்திரமாக வைத்திருந்த காகிதங்களும் மண்ணோடு மண்ணாயின. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் லயங்கள் மண்சரிவுக்கு இரையாயின. மலைச்சரிவில் வாழும் நமக்கு இது அயலூர்க் கதை அன்று.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. நம் பெட்டியில் இருந்தது பிரதி மாத்திரமே. மூலப் பதிவு அரசாங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறது. பத்திரம் தொலைந்தால் பிறப்பை மறுபடி பதிய வேண்டியதில்லை. அந்தப் பதிவுக்கு இன்னொரு பிரதி கேட்டாற் போதும்.

எங்கே கேட்பது? இங்கேதான் நம்மவர் பலர் இடறுகின்றனர். பிறப்பு, பெற்றோர் வாழும் இடத்தில் அன்று, குழந்தை பிறந்த இடத்திலேயே பதியப்படுகிறது. கொஸ்லந்தத் தாய் பதுளை ஆஸ்பத்திரியிற் பிள்ளை பெற்றால், அந்தப் பதிவு பதுளைப் பிரிவுக்கு உரியது; ஹல்துமுல்லப் பிரிவின் ஏட்டில் அதனைத் தேடிப் பயனில்லை. 1960ஆம் ஆண்டுக்குப் பிந்திய பதிவுகளிற் கணினியில் ஏற்றப்பட்டவற்றை எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம் என்பது இக்காலத்து வசதி.

செலவு எவ்வளவு? பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்திருந்தால் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் ஏடுகளைப் புரட்டித் தேடுவதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், நாளும் செல்லும். மெய்யான செலவு அந்தக் கட்டணமும் அன்று. பெரகல வழியாக ஹல்துமுல்லவுக்குப் போய்வரும் பஸ் காசும், அன்றைக்கு இழந்த பேருமே செலவு. விபரம் போதாதென்று திரும்பி வந்தால் இரண்டாம் நாட் பேரும் போகிறது. அந்தச் சங்கடத்தில்தான் தரகர் ஒருவர் வந்து சேருகிறார். அவர் காசு வாங்கிச் செய்து தருவது நாமே நிரப்பக்கூடிய ஒரு படிவம்.

நம் பெரியோர்கள் பிள்ளையின் சாதகக் குறிப்பை உயிர்போற் காப்பவர்கள். பிறந்த நாழிகை, நட்சத்திரம், இராசி எல்லாம் அதில் உண்டு. அதே தாளின் ஓரத்தில் பதிவு இலக்கம், பதிவுத் திகதி, பதிவாளர் பிரிவு என்ற மூன்றையும் எழுதி வைத்தால் என்ன? மற்றொரு பிரதி வேற்றூரிலுள்ள உறவினர் கையிலும் இருக்கட்டும். ஒரு வீடு மூடுண்டாலும் மற்றொரு வீட்டில் விபரம் பிழைத்திருக்கும். பதிவில் உள்ள பெயரையே எழுதுங்கள். வீட்டிலே செல்லமாய் அழைக்கும் பெயர் ஏட்டில் இராது.

பதிவே செய்யப்படாத பிள்ளைகளும் இருக்கலாம். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் அது காலங்கடந்த பதிவாகி, பல சாட்சியங்கள் கேட்கப்படும். பதிவு இல்லையென்று கண்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. ஆதலால் மனம் தளர வேண்டாம்.

காகிதத்தின் பெறுமதியை மலையகம் துன்பப்பட்டே கற்றது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணிற் பிறந்தவரிடமே தகப்பன் இங்கு பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததைக் காட்டச் சொன்னது. மூன்று தலைமுறைக் காகிதத்துக்கு லயத்துக் கூலி எங்கே போவான்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பலருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. ஆயினும் ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருப்பை எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

வாலிபர்களே! எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. லயத்துக்கு ஓர் அங்கத்தவர் பொறுப்பேற்று, வீட்டார் சம்மதத்துடன் ஒவ்வொருவரின் அந்த மூன்று விபரங்களையும் அவரவர் சாதகத் தாளில் எழுதிக் கொடுப்போம். பத்திரம் தொலைத்தவருக்கு முதல்நாள் மாலையே படிவத்தை நிரப்பிக் கொடுத்து, ஒரே நாளில் வேலை முடிய வழிசெய்வோம். கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகச் செல்லும் கால்களுக்கு இது பாரமாகாது. அடுத்த மழைக்கு முன் இதனை முடிப்போமாக.