விளையாட்டைப் படைக்கும் பிள்ளைகளுக்கும் விதி வேண்டும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள், "நன்றாகப் படியுங்கள், பெற்றோர் சொல்லைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். நல்ல வார்த்தைதான். அதை நானும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்றைக்கு உங்களோடு வேறு ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

மண்டபத்தின் ஓரத்திலே ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாங்களே செய்த கணினி விளையாட்டுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்த்தீர்களா? அதில் ஒன்றிலே மழை கறுத்துக்கொண்டு வருகிறது. மழை விழுவதற்குள் மரத்துக்கு மரம் ஓடி, மங்கில் இருக்கிற பாலை வாளியிலே ஊற்றிவிட வேண்டும். பிந்தினால் பால் வீண். இதைச் செய்த பிள்ளை பால்மரம் சீவியது கிடையாது. பாட்டி சொல்லக் கேட்டதை விளையாட்டாக்கியிருக்கிறது. மரங்கள் நின்ற இடத்திலே பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று ஒரு நகரமே எழுந்துவிட்ட காலத்தில், நம்முடைய வெட்டுக்காடு ஒரு குழந்தையின் கணினிக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கிறபோது மனம் நிறைகிறது.

பிள்ளைகள் இதற்குப் பயன்படுத்துவது ஸ்க்ராட்ச் என்னும் கருவி. அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்னும் பேராசிரியரின் குழுவினர் உருவாக்கி, 2007ஆம் ஆண்டில் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். காசு கிடையாது. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவது போலக் கட்டளைகளைப் பொருத்தி விளையாட்டு செய்யலாம். நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டு முதல் கணினிச் சிந்தனை பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவே இது வீண் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ண வேண்டாம்.

செய்த விளையாட்டை இணையத்தில் உள்ள அவர்களுடைய பொதுத் திடலிலே வைக்கலாம். எந்த நாட்டுப் பிள்ளையும் வந்து விளையாடலாம், கருத்து எழுதலாம். அதை எடுத்து, மாற்றி, தன் பங்கையும் சேர்த்துப் புதிதாக வெளியிடவும் செய்யலாம். அதற்கு அங்கே அனுமதி உண்டு. மறு ஆக்கம் என்று அதைச் சொல்லலாம்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கணும். பத்து நாள் பாடுபட்டு ஒரு பிள்ளை செய்த விளையாட்டுக்கு, முகம் தெரியாத ஒருவன் "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று எழுதிவிட்டுப் போனால் என்ன ஆகும்? இன்னொருவன் அப்படியே எடுத்துத் தன் பேரைப் போட்டுக்கொண்டால்? மூன்றாமவன், "உன் பள்ளிக்கூடம் எது, போன் நம்பர் என்ன?" என்று நைசாகக் கேட்டால்? முதல் இரண்டில் பிள்ளையின் மனம் முறிந்து, அதற்குப் பிறகு அது எதையுமே செய்யாது. மூன்றாவதில் பிள்ளைக்கே ஆபத்து.

பெற்றோரில் இரண்டு வகை இருக்கிறோம். ஒரு வகை, "இந்தச் சனியனே வேண்டாம்" என்று கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர்கள். இன்னொரு வகை, பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று கையிலே கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறவர்கள். முன்னவர் பிள்ளையின் திறமையைப் பூட்டுகிறார். பின்னவர் பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிடுகிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. விதி வகுத்துக்கொண்டு உள்ளே போவது.

லயத்து வாசலிலே நாம் கோலி விளையாடினோம், கிட்டிப்புள் விளையாடினோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னே கோடு எது, எது செல்லும், எது செல்லாது என்று பேசிக்கொள்வோம். சண்டை வந்தால் திண்ணையிலே இருக்கிற பெரியவர் ஓர் அதட்டல் போடுவார், தீர்ந்துபோகும். அந்த இணையத் திடலிலே திண்ணையும் இல்லை, எதிராளியின் முகமும் தெரியாது. ஆதலால் அங்கே விதி எழுத்தில் இருந்தாக வேண்டும்.

ஸ்க்ராட்ச் திடலிலும் எழுதிய விதிகள் இருக்கின்றன. அதிகமில்லை, ஆறுதான். எல்லாரையும் மரியாதையாக நடத்து. உன் சொந்த விவரங்களையும் முகவரியையும் வெளியிடாதே. உதவும்படியான கருத்தைச் சொல். மறு ஆக்கத்தை வரவேற்று, பேரும் கொடு. நேர்மையாக இரு. இடத்தை இனிமையாக வைத்திருக்கத் துணை செய். ஒரு விளையாட்டோ கருத்தோ சரியில்லை என்று பட்டால், அதைச் சுட்டிக்காட்ட ஒரு பொத்தான் உண்டு. பார்த்து முடிவு செய்ய ஆட்களும் உண்டு.

இந்த விதிகளும் வாசகங்களும் காலந்தோறும் திருத்தப்பட்டே வந்திருக்கின்றன. ஏன் திருத்த வேண்டும்? இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டில் அந்தக் கருவிக்குப் புது வசதி ஒன்று வந்தது. விளையாடுகிறவர்கள் எடுத்த புள்ளிகளைப் பொது இடத்தில் சேமித்து, எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாம். அதில் எண்களை மட்டுமே வைக்க முடியும். நம் பிள்ளைகள் சாமானியப்பட்டவர்களா? ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வைத்துக்கொண்டு, அதன் வழியாக ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிவிட்டார்கள்! கெட்ட வார்த்தையைத் தடுக்கிற வடிகட்டிக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியாது. கண்காணிப்பு இல்லாத பேச்சு சிறுபிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆகாது என்று, இப்படி அரட்டைக்காகச் செய்யும் படைப்புகளுக்குத் தடை விதித்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த வசதி உடனே கிடைப்பதில்லை. கொஞ்ச காலம் ஒழுங்காகப் பங்கெடுத்த பிறகே கிடைக்கும். பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனம் வளர வளர, விதியும் வளர வேண்டியிருக்கிறது.

இரண்டாவது செய்தியைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்கணும். "என் விளையாட்டைத் திருடிவிட்டான்" என்ற புகார் அந்தத் திடலில் தொடக்கத்திலேயே எழுந்தது. உடனே நடத்துகிறவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். யார் மறு ஆக்கம் செய்தாலும், முதலில் செய்தவரின் பெயரைக் கணினியே கீழே போட்டுவிடும். பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? தீரவில்லை. ஆய்வாளர்கள் சிலர் பிள்ளைகளையே கேட்டு 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி போடுகிற பேரைப் பிள்ளைகள் பெரிதாக நினைக்கவில்லை. எடுத்தவன் தன் கையாலே, "இதை முதலில் செய்தவர் இவர், அவருக்கு என் நன்றி" என்று எழுதினால்தான் அவர்கள் மனம் குளிர்ந்தது. இயந்திரம் பெயரை எழுதலாம், நன்றியை மனுஷன்தான் சொல்லணும். விதி எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

இத்தகைய திடல்களிலே கருத்துகளைப் பார்வையிட்டு, ஆகாததை நீக்குகிறவருக்கு மட்டுறுத்துநர் என்று இக்காலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் கண்காணி. அந்தச் சொல்தான் தோட்டத்திலே கங்காணி ஆனது. பெரியவர்கள் சிரிக்கிறீர்கள். கங்காணி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அவர் வாயிலிருந்து வந்ததே சட்டம். இன்றைக்கு ஒரு நியாயம், நாளைக்கு ஒரு நியாயம். பெரட்டிலே எதிர்த்துப் பேசியவனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

அந்த நிலை எப்படி மாறியது? 1954ஆம் ஆண்டில் பி.பி. நாராயணன் அவர்களைப் பொதுச்செயலாளராகக் கொண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. வாய்ச்சொல்லாய் இருந்தது, சங்கமும் முதலாளிமார் தரப்பும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தமாயிற்று. அதோடு நிற்கவில்லை. 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், ஒரு கூட்டு ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இரு தரப்பும் யார் யார் என்று பெயர் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்குச் செல்லும் என்று இருக்க வேண்டும், அது மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது. அதை மாற்றுவதற்கும் முடிப்பதற்கும் வழி என்ன என்று இருக்க வேண்டும். அதன்படி வழக்கு வந்தால் தீர்ப்பதற்கு வழி என்ன என்றும் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே! பால் வாளி தூக்கிய கைகள் பெற்ற பாடம் இது. யாருக்கு, எத்தனை காலத்துக்கு, எப்படி மாற்றுவது, எங்கே முறையிடுவது. இந்த நான்கும் இருந்தால்தான் அது விதி. இல்லாவிட்டால் அது பழைய கங்காணியின் அதட்டல்தான். இதே நான்கையும் நம் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலுக்கும் கொண்டுவரலாம் என்பதே என் வேண்டுகோள்.

எப்படி என்று சொல்கிறேன். முதலாவது, யாருக்கு? மாணவருக்கு மட்டும் விதி போட்டுவிட்டுப் பெரியவர்கள் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதணும். "பிள்ளையைக் கேட்காமல் அதன் படத்தை இணையத்தில் போட மாட்டேன்" என்று அப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொள்ளட்டும். இரண்டாவது, எத்தனை காலம்? தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு மூன்றாண்டு சரி. கணினி உலகம் ஓடுகிற ஓட்டத்துக்கு ஓர் ஆண்டு போதும். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்ததும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். மூன்றாவது, மாற்ற வழி. எந்த விதி உதவவில்லை, புதிதாக என்ன தொல்லை முளைத்திருக்கிறது என்று மாணவரே எழுந்து சொல்லட்டும். மாற்றினால், ஏன் மாற்றினோம் என்ற காரணத்தையும் பக்கத்திலே எழுதி வைக்கலாம். காரணம் தெரிந்த விதியைப் பிள்ளைகள் மதிப்பார்கள். நான்காவது, முறையீடு. மனம் நோகும்படி யாராவது எழுதினால் எந்த ஆசிரியரிடம் போவது என்று பேர் சொல்லி வைக்க வேண்டும். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று அடிக்க மாட்டார்கள் என்ற உறுதி பிள்ளைக்கு இருக்க வேண்டும். அடி விழும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2026 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து விளையாடுகிற ரோப்லாக்ஸ் நிறுவனமும், வயதைச் சரிபார்த்த பிறகே பிறரோடு உரையாட விடுவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் சட்டம் ஊருக்கு வேலி. வீட்டுக் கதவைத் தாழ்போடுவது வீட்டுக்காரர் வேலைதானே? கணினி எனக்குத் தெரியாது என்று எந்தத் தாயும் ஒதுங்க வேண்டாம். "இன்றைக்கு என்ன செய்தாய், காட்டு பார்க்கலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்குக் கணினி தெரிய வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே! பிறர் விளையாட்டைக் குறை சொல்லும்போது ஒரு நல்லதைக் கண்டுபிடித்து அதை முதலில் சொல்லுங்கள். பிறகு எதைத் திருத்தினால் நன்றாயிருக்கும் என்று சொல்லுங்கள். இது நமக்குப் புதிதல்ல. 1950-51ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனிலே கதை வகுப்பு நடத்தி, எழுதப் பழகியவர்களுக்கு எழுதும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்நாட்டின் தமிழ் எழுத்தாளர்கள் பலர் அப்படித்தான் தேறி வந்தார்கள். திருத்துகிறவன் இல்லாமல் கலை வளராது, இழிவுபடுத்துகிறவன் இருக்கும் இடத்திலும் வளராது.

இன்று பரிசு வாங்குகிறவர்கள் மேடையிலிருந்து இறங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர், குறிப்பேட்டை இரவல் தந்தவர் யாரென்று நினைத்துப் பார்த்து, அவரிடம் போய் உங்கள் வாயால் நன்றி சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தாளும் பேனாவும் வைத்து, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் விதியை எழுதத் தொடங்குங்கள். நான்கைந்து விதி போதும். எழுதியதைப் பள்ளிச் சுவரிலே எல்லாரும் படிக்கும்படி ஒட்டுங்கள். அடியிலே, "அடுத்த ஆண்டு மீண்டும் பார்க்கப்படும்" என்று ஒரு வரி சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

 பிள்ளைகள் வாழ்க! தமிழ்ப்பள்ளி வளர்க! வணக்கம்.