மாட்டுக் கழுத்தில் ஒரு விஞ்ஞானப் பாடம்



செம்பனைக்குள் மேயப் போன மாடு இருட்டியும் திரும்பலேன்னா, வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும்? அந்தக் கவலைக்கு மருந்தே நம் மாணவர்களின் கழுத்துப்பட்டை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் நான்கின் சமிக்ஞை கிடைத்தால், மாடு நிற்குமிடத்தைக் கருவி கணக்கிட்டுக் கைப்பேசிக்குச் சொல்லிவிடும். கருவி பிடரியில், கனமான பேட்டரி தொண்டைக்குக் கீழே. அப்போதுதான் பட்டை புரளாது, கருவி வானம் பார்க்கும். ஓயாமல் கணக்கெடுத்தால் பேட்டரி தீரும். அரை மணிக்கு ஒருமுறை போதும்.

செமினி நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2011இல் தொடங்கிய ஆய்வில், காட்டு யானைகளுக்கே இப்படிப் பட்டை கட்டினார்கள். யானைக்கு முடிந்தது நம்ம லட்சுமிக்கு முடியாதா?

பெற்றோர்களே, சாமானைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளையை அடிக்காதீங்க. ஒரு ஸ்குரூ டிரைவர் வாங்கிக் கொடுங்க.